மாமாவின் ஹெட்போனில் சத்தம் ஏன் ஏறவில்லை?

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதம் இது. ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மாமனாருக்கு 68 வயது. முப்பது வருடத்துக்கு மேல் விசைப்படகில், இன்ஜின் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவர். ஆறு வருடமாகக் கடலுக்குப் போவதில்லை. மாலையில் செய்தி, இரவில் ஒரு பழைய படம், இதுதான் அவருடைய பொழுதுபோக்கு. டிவி சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்கிறது. மகன் பத்தாம் வகுப்பு. படிப்பு, டிவி, மாமியாரின் ஜெபமாலை எல்லாம் ஒரே ஹாலில். வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவர் ஆன்லைனில் ஒரு வயர்லெஸ் ஹெட்போன் வாங்கி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். சார்ஜ் ஏற்றுவதற்கு ஒரு ஸ்டாண்டு உண்டு. ஹெட்போனுக்கு ஒலியை அனுப்புவதும் அந்த ஸ்டாண்டுதான்.

முதலில் அதை டிவியின் ஹெட்போன் ஜாக்கில் செருகிப் பார்த்தார்கள். மாமாவுக்கு நன்றாகக் கேட்டது, ஆனால் டிவி ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. பிறகு கேபிள் பாக்ஸின் பின்னால் உள்ள, படமும் ஒலியும் வெளியே வரும் ஏவி ஜாக்கில் கொடுத்தார்கள். இப்போது ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறது, ஹெட்போனிலும் வருகிறது. ஆனால் ஹெட்போனில் வருவது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. ஹெட்போனில் உள்ள சக்கரத்தை முழுக்கத் திருகினால் "உஸ்" என்ற இரைச்சல்தான் கூடுகிறது. படத்தில் அமைதியான காட்சி வந்தால் கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துபோகிறது. பாக்ஸ் போய்விட்டது, பணம் கட்டி மாற்றுங்கள் என்கிறார் கேபிள்காரர். நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். புளூடூத் வாங்குங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. மாமியார் சொல்வது வேறு: "அவியளுக்கு வேணும்னா கேக்கும், வேண்டாட்டா கேக்காது. எல்லாம் நடிப்பு." கடிதத்தின் கடைசி வரி: "இதை மாட்டி மாட்டி மாமாவுக்கு மிச்சம் இருக்கிற காதும் போய்விடுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

"எனக்கு கரண்டு சமாச்சாரம் ஒன்றும் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கவனித்து எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. டிவியின் ஜாக்கில் செருகியபோது மாமாவுக்கு நன்றாகக் கேட்டது என்கிறீர்கள். அப்படியானால் ஹெட்போனும் ஸ்டாண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ வயரில் போகிற ஒலியும் தெளிவாக இருக்கிறது. அதனால் பாக்ஸ் முழுவதுமாகப் போய்விட்டது என்று சொல்லவும் இடமில்லை. மிச்சம் இருப்பது பாக்ஸின் ஏவி ஜாக், அங்கிருந்து ஸ்டாண்டுக்குப் போகும் வயர், இந்த இரண்டும்தான்.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பாக்ஸ் ரிமோட்டில் சேனல் மட்டும்தான் மாற்றுவோம். சத்தத்தை டிவி ரிமோட்டில்தான் கூட்டுவோம், பாக்ஸில் எப்பவும் 8-ல்தான் கிடக்கும்." இதைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. அநேகமாக உங்கள் சிக்கல் முழுவதும் அந்த 8-ல்தான் இருக்கிறது.

மாடியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறது, ஆனால் தொட்டியடியில் இருக்கிற வால்வைக் கால்வாசிதான் திறந்து வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். சமையலறைக் குழாயை எவ்வளவு திருகினாலும் தண்ணீர் நூலாகத்தான் வரும். பாக்ஸின் வால்யூம்தான் அந்த வால்வு. டிவிக்குள் பலமான ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் பாக்ஸ் மெதுவாகக் கொடுத்தாலும் டிவி அதை இழுத்துப் பெரிதாக்கிவிடுகிறது. ஹெட்போன் ஸ்டாண்டுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. ஏவி ஜாக்கில் வருவது, பாக்ஸை முழுதாகக் கூட்டி வைத்தாலும்கூட, வழக்கமாக 2 வோல்ட்டுக்கு உட்பட்ட சின்ன சிக்னல். அதையும் 8-ல் வைத்து ஒடுக்கிவிட்டால் ஸ்டாண்டுக்கு எதுவும் மிஞ்சாது. ஹெட்போன் சக்கரத்தைத் திருகும்போது அந்த மெல்லிய குரலோடு சேர்ந்து, எல்லாக் கருவியிலும் அடியில் கொஞ்சம் கிடக்கும் இரைச்சலும் பெரிதாகிறது. நீங்கள் கேட்கிற "உஸ்" அதுதான். தானாக அணைவதற்கும் இதே காரணம். இந்த வகை ஸ்டாண்டுகள் பல, சிக்னல் மிகவும் மெலிந்தால் டிவியை அணைத்துவிட்டார்கள் என்று எண்ணி, சார்ஜை மிச்சப்படுத்தத் தாங்களும் அணைந்துவிடும்.

பாக்ஸைக் கூட்டுங்கள், டிவியைக் குறையுங்கள்

இந்த வரிசையில் செய்யுங்கள், வரிசை முக்கியம். மாமா தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, அதன் சக்கரத்தை அடியோடு குறைத்துவிடுங்கள். டிவி ரிமோட்டில் சத்தத்தை 5-க்கு இறக்குங்கள். அப்புறம் பாக்ஸ் ரிமோட்டில் மெல்லமாகக் கூட்டி, முழு அளவில் பத்தில் எட்டு பங்கு வரை கொண்டுபோங்கள். உச்சிவரை ஏற்ற வேண்டாம். சில பாக்ஸ்களில் கடைசிப் பகுதியில் குரல் கரகரவென்று உடையும். இப்போது டிவியில் அத்தைக்கு வேண்டிய அளவை வையுங்கள். கடைசியில், முதலில் நீங்கள் ஹெட்போனை மாட்டிப் பார்த்து, சரி என்று பட்ட பிறகு மாமாவிடம் கொடுங்கள்.

இனிமேல் பாக்ஸின் வால்யூமை யாரும் தொட வேண்டாம். டிவி ரிமோட் அத்தைக்கு, ஹெட்போன் சக்கரம் மாமாவுக்கு. அத்தை ஜெபமாலைக்கு உட்காரும்போது டிவியை மட்டும் மியூட் செய்தால் போதும், மாமாவின் செய்தி நிற்காது. மகன் படிக்கிற நேரத்துக்கும் இதே வழிதான். ஒன்றை நினைவில் வையுங்கள்: கரண்ட் போய் வந்தால் சில பாக்ஸ்கள் பழைய அளவுக்கே திரும்பிவிடும். வேறு சில, ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி அளவை நினைவில் வைத்திருக்கும். "நேற்று கேட்டது, இன்று கேட்கவில்லை" என்று மாமா சொன்னால் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால்

அடுத்ததாக வயரைப் பாருங்கள். உங்கள் பாக்ஸில் இருப்பதுபோன்ற சின்ன ஏவி ஜாக்கில் போகும் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று தலைகள். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. ஆனால் எல்லாக் கம்பெனிக்காரர்களும் அந்தப் பின்னுக்குள் ஒரே வரிசையில் இணைப்பதில்லை. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் வேறொரு வயரைப் போட்டால், ஒலி வர வேண்டிய இடத்தில் படத்தின் சிக்னல் வந்து "ர்ர்ர்" என்று அதிரும், அல்லது ஒரு காதில் மட்டும் கேட்கும். பாக்ஸோடு வந்த வயர் வீட்டில் எங்காவது கிடந்தால் அதையே தேடி எடுத்துப் போடுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்றில் இந்தப் பின்கள் பச்சை பூத்துவிடும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வீடுகளில் ரேடியோவோ டிவியோ வைத்திருக்கும் யாருக்கும் இது தெரியும். எல்லாவற்றையும் சுவிட்சில் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் லேசாகத் தொட்டுப் பின்னைத் துடையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு இரண்டு மூன்று முறை செருகி எடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், தூசி அப்பிக்கொள்ளும்.

சில எச்டி சேனல்களில் மட்டும் சத்தம் குறைவு என்றால் அது வேறு கதை. அந்தச் சேனல்களின் ஒலி டால்பி முறையில் வரலாம். டால்பியில் பேச்சின் அளவைத் தாழ்வாக வைத்து, வெடி, இசை போன்றவற்றுக்கு மேலே இடம் விட்டிருப்பார்கள். பாக்ஸின் செட்டிங்கில் ஆடியோ என்ற பகுதிக்குப் போய் பிசிஎம் அல்லது ஸ்டீரியோ என்பதைத் தேர்ந்தெடுங்கள். "நைட் மோட்" என்றோ, ஒலி ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வேறு பெயரிலோ ஒன்று இருந்தால் அதையும் போடுங்கள். பேச்சு மேலே வரும், வெடிச்சத்தம் கீழே இறங்கும். மாமாவின் காதுக்கு வேண்டியதும் அதுதான்.

ஆம்ப்ளிஃபயரும் புளூடூத்தும்

ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்வேன். மெலிந்த சிக்னலை நடுவில் பெரிதாக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும். அதைவிட முக்கியமாக, யாராவது தெரியாமல் பாக்ஸின் சத்தத்தைக் கூட்டிவிட்டால், அது இரண்டு மடங்காகப் பெருகி நேராக ஒரு முதியவரின் காதுக்குள் இறங்கும்.

புளூடூத் கெட்ட சாதனம் இல்லை, ஆனால் மாமாவுக்கு அது பொருந்தாது. சாதாரண புளூடூத்தில் ஒலி கொஞ்சம் பிந்தித்தான் வரும், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு. பாட்டு கேட்பவருக்கு இது தெரியாது. காது மந்தமானவர்கள் தங்களுக்கே தெரியாமல் பேசுகிறவரின் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்கிறவர்கள். உதடு ஒரு நேரம், குரல் ஒரு நேரம் என்று வந்தால் அந்தத் துணையும் போய்விடும். தாமதம் குறைந்த புளூடூத் வகைகளும் உண்டு, ஆனால் அனுப்பும் கருவி, ஹெட்போன் இரண்டும் அதே வகையாக இருக்க வேண்டும். உங்கள் ஸ்டாண்டு ரேடியோ அலையில் வேலை செய்வது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகையில் இந்தத் தாமதம் தெரியாது. கணவர் நல்ல பொருளாகத்தான் வாங்கியிருக்கிறார்.

பணம் கட்டும் முன்

மேலே சொன்ன எதுவும் உதவாவிட்டால் ஏவி ஜாக்கே பழுதாகியிருக்கலாம். அப்போதும் உடனே பணம் கட்ட வேண்டாம். பாக்ஸ் வாடகைக்குத் தந்ததா, நீங்கள் விலைக்கு வாங்கியதா, எந்தத் தேதியில் என்று பழைய ரசீதைப் பாருங்கள். என்ன பழுது, எதற்காக இந்தத் தொகை என்று கேபிள்காரரிடம் எழுதி வாங்குங்கள். அவர் வேறொரு பாக்ஸைக் கொண்டுவந்து, உங்கள் வீட்டிலேயே, உங்கள் ஹெட்போனிலேயே போட்டுக் காட்டட்டும். பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டாம். வாடகைப் பெட்டியாக இருந்தால் அது அவர்களுடைய பொருள். பேச்சுவார்த்தையில் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் ஊர்க்காரரிடம் முதலில் நிதானமாகப் பேசிப் பாருங்கள், அநேகமாக அந்த எண் வரை போக வேண்டியிருக்காது.

மாமா நடிக்கவில்லை

இதுவரை சொன்னது எந்த மெக்கானிக்கும் சொல்லக்கூடியது. நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர். உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது அத்தை சொன்ன அந்த வார்த்தைதான். எந்த வீட்டிலிருந்து யார் வந்தாலும் அதை நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

முப்பது வருடம் டீசல் இன்ஜின் பக்கத்தில் நின்ற காது, எல்லா ஒலியையும் ஒரே அளவில் இழப்பதில்லை. பெரும் சத்தத்தில் உழைத்தவர்களுக்கு முதலில் 4000 ஹெர்ட்ஸ் சுற்றிய கூர்மையான ஒலிகள் போகும். பிறகு வயதும் சேர்ந்துகொண்டு மற்ற கூர்மையான ஒலிகளையும் எடுத்துக்கொள்ளும். தாழ்ந்த ஒலிகள் நெடுநாள் நிற்கும். கோயில் மணி கேட்கும், வள்ளத்தின் இன்ஜின் கேட்கும், கூடப் பிறந்த அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து கட்டைக் குரலில் பேசினால் கேட்கும். உங்கள் குரலும் பேரனின் குரலும் மெல்லியவை, அவைதான் தப்பிப்போகும். அத்தைக்கு இது நடிப்பாகத் தெரிகிறது.

பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்தது, பலமானது. க, ச, த, ப போன்ற மெய்களைப் பிரித்துக்காட்டும் ஒலி கூர்மையானது, மெலிந்தது. அது போய்விட்டால் கட்டி, சட்டி, தட்டி, பட்டி எல்லாம் அவருக்கு ஒன்றுதான். "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அவர் தன் நோயைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்தக் குறை முழுதாகத் தீராது. இன்னொன்று, இப்படிப்பட்ட காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் கொஞ்சம் கூடினாலே வலிக்கும். முதலில் "கேக்கல, கூட்டு" என்பார், கூட்டினால் "ஏன் கத்துற" என்பார். அதுவும் நடிப்பல்ல. அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்

மிச்சம் இருக்கிற காதும் போய்விடுமா என்று கேட்டீர்கள். அளவோடு கேட்டால் போகாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். மாமா ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் பார்க்கிறார் என்றால் வாரத்துக்கு 35 மணி நேரம். ஆகவே 80-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. கேட்காத காதுக்கு எவ்வளவு வைத்தாலும் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கேட்கவில்லை என்றாலும் உள்ளே மிஞ்சியிருக்கும், ஒலியை உணரும் மயிர்செல்களை சத்தம் அடிக்கத்தான் செய்யும், போன செல் திரும்ப முளைக்காது.

வீட்டில் அளந்து பார்க்க ஒரு எளிய வழி: அவர் மாட்டியிருக்கும்போது ஒரு கை தூரத்தில் நின்று பாருங்கள். ஹெட்போனிலிருந்து கசியும் வசனம் உங்களுக்குத் தெளிவாகப் புரிந்தால் சத்தம் அதிகம். சரியான இடம் கிடைத்ததும் சக்கரத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள், அவரும் அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் கழற்றி வைக்கட்டும்.

காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் இப்படி மந்தமாகும். ஆனால் வீட்டில் பட்ஸ் போடுவதும் சூடான எண்ணெய் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். ஒரே நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ, சீழ் வந்தாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் நிற்காமல் இருந்தாலோ, தலைசுற்றல் வந்தாலோ ஹெட்போனைப் பற்றி யோசிக்க வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். திடீர்க் காது மந்தத்துக்கு முதல் மூன்று நாட்களுக்குள் சிகிச்சை தொடங்குவது மிகவும் முக்கியம்.

மாமாவுக்கு இதுவரை ஒருமுறைகூடக் காது பரிசோதனை செய்ததில்லை என்கிறீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. அங்கே முதலில் காதுக்குள் பார்த்து, பிறகு எந்தெந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து ஒரு வரைபடம் தருவார்கள். வலியில்லாத சோதனை. பொத்தானை அழுத்தச் சொல்வார்கள், அவ்வளவுதான். இரண்டு காதிலும் பேச்சு அலைவரிசையில் 60 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு இருந்தால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அவர் செவித்திறன் குறைபாடு உள்ளவர் என்ற வகையில் வருவார். அடையாள அட்டைக்கும் அரசு தரும் காது கேட்கும் கருவிக்கும் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். இழப்பு அதைவிடக் குறைவாக இருந்தாலும் கருவி உதவும். ஹெட்போன் டிவிக்கு மட்டும்தான். பேரன் "தாத்தா" என்று கூப்பிட்டால் கேட்பதற்குக் கருவிதான் வேண்டும்.

மாமா வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், "உங்களுக்குக் காது கேட்கவில்லை" என்று தொடங்காதீர்கள். "டாக்டர் இந்த ஹெட்போனை உங்கள் காதுக்கு ஏற்ற மாதிரி வைத்துத் தருவாராம்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல. போகும்போது ஹெட்போன், ஸ்டாண்டு, வயர் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப்போங்கள். நீங்கள் வைத்த நகப்பூச்சுப் புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பரிசோதனை முடிந்ததும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.